ஜோசப்பின் என்று நான் பெயர் வைத்தவள்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வானத்திலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. கேட்டு வாங்கினார்கள்.

நுவரெலியா கல்விக் கந்தோரில் வேலை பார்க்கும் குகநேசன் சேர், மலையகப் பெண்கள் எழுதிய கதைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போடுகிறார். யாழ்ப்பாணத்துக்காரர். இந்தக் குளிருக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் வைகாசி மாதத்திலும் கம்பளித் தொப்பியைக் கழற்றாதவர். நல்ல மனுஷன். 2002இல் ஒரு நாள் என்னை வழியில் மறித்து, "ஜொய்சி ரீச்சர், உங்கட கதை ஒண்டு கட்டாயம் வேணும். அழுகைக் கதை வேண்டாம் பாருங்கோ. துணிஞ்ச பொம்பிளை ஒருத்தியைப் பற்றி எழுதித் தாங்கோ" என்றார்.

துணிஞ்ச பொம்பளைக்கா இங்கே பஞ்சம்? அந்த இடத்திலேயே நாகலெட்சுமி அக்கா என் கண்ணுக்கு முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார். "ஒரு கிழமையில தாறேன் சேர்" என்று வாயை விட்டேன். இப்போது 2003 முடியப் போகிறது.

நான் தமிழ் படிப்பிக்கிறவள். 'எனது தோட்டம்' என்று தலைப்புக் கொடுத்துவிட்டு, எழுதாத பிள்ளையை எழுப்பி நிறுத்தி, "என்னடா, ஒரு வரிகூடவா வரல?" என்று அதட்டுகிறவள். எனக்கே ஒரு வரி வரவில்லை. கர்த்தர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

2

நாகலெட்சுமி யாரென்றால், நான் பிறந்த லயத்தில், அந்த நீள வரிசை வீட்டில், எங்களுக்கு அடுத்த காம்பரா, அதாவது அடுத்த அறை. என்னைவிட மூத்தவர். நான் படித்து டீச்சரானேன், அவர் கூடை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனார். மகா வாய்க்காரி. தோட்டத்தில் ஒரு நியாயம் கேட்க வேண்டுமானால் சங்கத் தலைவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். என்னைக் கண்டால், "என்னா டீச்சரம்மா, புள்ளைகளுக்கு அறிவு வந்திருச்சா, இல்ல ஒங்களுக்கு இருந்ததும் போயிருச்சா?" என்பார். எனக்கு அவர்மேல் சின்ன வயதிலிருந்தே ஒரு பிரமிப்பு. இன்னும் போகவில்லை.

(இனி அவரை 'அவள்' என்றே எழுதப் போகிறேன். மரியாதை இல்லாமல் அல்ல. 'அவர்' என்று எழுதினால் பேனை கைகட்டி நின்றுவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று மாதம் போனது.)

நான் எழுதிக் கிழித்த தொடக்கங்களில் சில:

"பனி விலகாத அந்த வைகறைப் பொழுதிலே, நாகலெட்சுமி என்னும் வீரமங்கை—"

வீரமங்கையாம்! அவள் காதில் விழுந்தால் கூடையாலேயே அடிப்பாள்.

"தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நம் நாட்டின் முதுகெலும்பு ஆவர். அவர்களுள் ஒருவரான—"

இது பத்தாம் வகுப்புக் கட்டுரை. இதற்கு நானே பத்துக்கு நாலுதான் போடுவேன்.

"தொர பேர வாசிச்சாரு. நாகலெட்சுமி முன்னுக்கு வந்தா. வந்து"

இது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 'வந்து' என்பதோடு நின்றுவிட்டது. வந்து என்ன செய்தாள்? எத்தனை தடவை எழுதினாலும் அந்த ஒரு சொல்லில் வந்து முட்டிக்கொண்டு நிற்பேன். என் வீட்டுக்காரர் சுகந்தன் நுவரெலியா சந்தையில் மரக்கறியை லொறியில் ஏற்றுகிறவர். எட்டிப் பார்த்துவிட்டு, "வந்து வந்துன்னு ஒரு வருஷமா கூப்புடுறியே, அந்தப் பொம்பளைக்கு ஒரு பாய போட்டு ஒக்கார வையேன்" என்றார். பேனையை எறிந்தேன். அவருக்குப் படவில்லை.

3

சரி, 'வந்து'வுக்கு முந்தி நடந்ததைச் சொல்கிறேன். இதில் எனக்குச் சிக்கல் இல்லை. எல்லாம் நாகலெட்சுமி வாயால் கேட்டது.

அவளுடைய கொழுந்துக் கூட்டத்தில் ஒருத்தி இருக்கிறாள். ஜோசப்பின் என்று வைத்துக்கொள்வோம். அது அவள் பெயர் அல்ல, அவள் வேதக்காரியும் அல்ல. அந்தத் தோட்டத்தில் யாருக்கும் இல்லாத பெயராகத் தேடி வைத்திருக்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

ஜோசப்பின் ஒரு மழை நாளில் கொழுந்துக் கூடையோடு படிக்கட்டில் சறுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டினார்கள், அவிழ்த்தார்கள், எலும்பு கோணலாகப் பொருந்திவிட்டது. விரல்கள் பாதி மடங்கியபடி அப்படியே நின்றுவிட்டன. விரியவும் மாட்டா, மடங்கவும் மாட்டா. கொழுந்து பறிப்பது இரண்டு கையாலும் செய்கிற வேலை. ஒற்றைக் கைக்காரி நாளுக்குரிய கிலோவை எடுக்கவே முடியாது. எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. அதுவே தொடர்ந்தால் வேலைக்கு லாயக்கில்லை என்று பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் இல்லாதவளுக்குக் காம்பராவும் இல்லை. புருஷன் செத்துப்போனவள், ஒரு மகள் பள்ளிக்கூடம் போகிறாள். காம்பராவை விட்டு இறக்கினால் ரெண்டு பேரும் போக இடம் கிடையாது.*

நாகலெட்சுமி என்ன செய்தாள் தெரியுமா? கூட்டத்துப் பொம்பளைகளைக் கூட்டி ஒரு ஒழுங்கு பண்ணினாள். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு எல்லாரும் ஒற்றையடிப் பாதையில் வரிசையாகத்தான் இறங்குவார்கள். கூடை முதுகில். முன்னால் ஜோசப்பின் போவாள். பின்னால் போகிறவள் தன் கூடையிலிருந்து நாலு பிடி அள்ளி அவள் கூடையில் போடுவாள். கொஞ்ச தூரம் போனதும் அடுத்தவள் முன்னுக்கு வந்து போடுவாள். இன்றைக்கு யார், நாளைக்கு யார் என்று நாகலெட்சுமிதான் காலையில் சொல்லுவாள். அளவாக, கிலோ சரியாக வருகிற மாதிரி. அதோடு, தன் நிரையை முதலில் முடிக்கிறவள் ஜோசப்பினின் நிரையில் இறங்கி மிச்சத்தைப் பறித்துக் கொடுப்பாள். கங்காணி செல்லசாமிக்குத் தெரியாமல். அல்லது தெரியாமல் என்று இவர்கள் நினைத்துக்கொண்டு.

ஐயோ, இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது! அவர்களில் ஒருத்திகூட 'என் கொழுந்தை நான் ஏன் கொடுக்கணும்' என்று கேட்கவில்லையாம். வெயிலிலும் மழையிலும் பறித்த கொழுந்து. சும்மா வந்ததல்ல.

பிழை 1997இல் நடந்தது. மழை விட்டு வெயில் அடித்து, கொழுந்து திமுதிமு என்று கிளம்பியிருந்த நேரம். அன்றைக்கு நாகலெட்சுமி வேலைக்கு வரவில்லை, நுவரெலியாவில் அடையாள அட்டை விஷயமாக ஒரு கந்தோரில் நின்றாள். காலையில் 'இன்னைக்கு நீ போடு' என்று சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொருத்தியும் என்ன நினைத்தாள்? 'ஐயோ, இன்னைக்கு நாகு இல்லையே, பாவம், ஜோசப்பினுக்கு யாரும் போட மாட்டாங்களே' என்று நினைத்தாள். நினைத்து, அள்ளிப் போட்டாள். அடுத்தவளும் அதையே நினைத்தாள். அவளும் போட்டாள். கூட்டம் முழுக்கப் போட்டுவிட்டது! ஜோசப்பின் முதுகு வளைந்து மூச்சு வாங்க, 'போதும்டி' என்று சொல்லக்கூட முடியாமல் மடுவத்துக்கு வந்து இறக்கினாள். கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்தார். இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். தோட்டத்திலேயே அன்றைக்கு அதிகம் பறித்தவள் ஜோசப்பின்.

ஒற்றைக் கைக்காரி!

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து கம்பனிக்காரர்கள் வர இருந்தார்கள். படம் பிடிக்கிறவரும் வருகிறார், தோட்டத்தின் கெட்டிக்காரி கொழுந்து பறிப்பதைப் பார்க்க வேண்டும், படம் எடுத்துக் கலண்டருக்குப் போட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தோட்டத்தை நடத்துகிற தொர, காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டில் நின்று, ஆளைத் தேட வேண்டிய வேலையே இல்லாமல், ஜோசப்பினின் பெயரை வாசித்துவிட்டார். சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் பறித்துக் காட்ட வேண்டும். பறிக்கப் போனால் கை தெரியும். கை தெரிந்தால் பெயர் போகும்.

நாகலெட்சுமி வந்து கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டாளாம். "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நான் இல்லைன்னா தோட்டத்தையே தூக்கி அவ கூடையில போட்டுருவீங்களாடி?" பிறகு அவளே சொன்னாள்: "நான் போறேன். அவ பேர கூப்புட்டா நான் போயி நிக்கிறேன். தொரைக்கு நம்ம மொகம் என்னா தெரியவா போவுது? கம்பளிய தலையில போட்டா எல்லாரும் ஒண்ணுதான்."

சனிக்கிழமை வந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள். நாகலெட்சுமி முன்னுக்கு வந்தாள். வந்து

* 'லேசான வேலை ஏதாவது கொடுத்திருக்கலாமே' என்று கேட்பீர்கள். கேட்டுப் பார்த்தார்கள். கொடுக்கவில்லை.

4

பார்த்தீர்களா, மறுபடியும் நின்றுவிட்டது.

நாகலெட்சுமியிடம் கேட்டால், "அப்பறம் என்னா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு" என்று பேச்சை மாற்றிவிடுவாள். 1997இல் நான் கொட்டகலையில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன், கண்ணால் பார்க்கவில்லை. அதனால் நானாகவே இட்டுக்கட்டினேன். ஒரு பிரதியில் நாகலெட்சுமி கொழும்புக்காரர்களுக்கு முன்னால், "ஐயா, எங்கள் உழைப்பை நீங்கள் படம் பிடிக்கலாம், எங்கள் உயிரைப் படம் பிடிக்க முடியுமா?" என்று பேசுகிறாள். அதைக் குகநேசன் சேருக்கு வாசித்துக் காட்டினேன்.

சேர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "வசனம் நல்லாத்தான் இருக்கு பிள்ளை. ஆனால் இப்பிடி ஆராவது கதைப்பினமோ?"

"கதைக்க மாட்டாங்க சேர்."

"அப்ப ஏன் எழுதினனீங்கள்?"

நான் அழுதுவிட்டேன். நிஜமாகவே. ஒரு கதை வரவில்லை என்று அழுகிற டீச்சரை அவர் கண்டதில்லைப் போலிருக்கிறது. "சரி சரி, மெல்லமா எழுதுங்கோ, புத்தகம் எங்கையும் ஓடாது" என்று பயந்துபோய்ச் சொன்னார்.

நான் எல்லாம் செய்து பார்த்தேன். பச்சை மையில் எழுதினேன். கோயில் மண்டபத்தில் போய் உட்கார்ந்து எழுதினேன். சுகந்தனிடம் வாயால் சொல்லி எழுதச் சொன்னேன். அவர் 'நாகலெட்சுமி' என்று எழுதிவிட்டு, பக்கத்தில் லீக்ஸ் விலையை எழுதியிருந்தார்.

பிறகு ஒரு விடுமுறை நாளில் சும்மா கால்போன போக்கில் தோட்டத்துப் பக்கம் போனேன். வழக்கமாக நான் மேல் ரோட்டால்தான் போவேன், அங்கேதான் கங்காணியும் நிற்பார். அன்றைக்கு மேல் ரோட்டில் கல் கொட்டியிருந்ததால் கீழ் ரோட்டால் போனேன். கீழிருந்து பார்த்தபோது, நாகலெட்சுமி தன் நிரையை முடித்துவிட்டு, சுற்றி இறங்கி வந்து, இன்னொரு நிரையின் கடைசிச் செடியில் கைவைப்பது தெரிந்தது. மேலேயிருந்து ஜோசப்பின் ஒற்றைக் கையால் பறித்துக்கொண்டு இறங்குகிறாள். கீழேயிருந்து இவள் ஏறுகிறாள். ரெண்டு பேரும் நடுவில் சந்தித்தார்கள். நாகலெட்சுமி மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சிதான். ஆனால் அன்றைக்கு ரோட்டு ஓரத்தில் நின்று எனக்கு நானே சத்தமாகச் சொன்னேன்: அடியே ஜொய்சி, ஒரு வருஷமா மேல் பக்கத்திலேயே நின்னுக்கிட்டு 'வந்து வந்து'ங்கிறியே, கீழ இருந்து ஏறினா என்ன?

வீட்டுக்கு வந்து கதையைக் கடைசியிலிருந்து எழுதத் தொடங்கினேன். ஆகவே இனி வரும் எண்கள் அச்சுப் பிழை அல்ல.

8

கடைசியில் என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்த ஒரே ஒரு பொருள் இருக்கிறது. ஒரு படம்.

இந்த வருடம் பங்குனியில், எங்கள் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு மைதானம் கேட்கத் தோட்டத்து ஒப்பீசுக்குப் போனேன். தொரையின் மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட பெரிய படம். பச்சைப் பசேலென்ற தேயிலை. அதற்கு முன்னால், பெரிதாக, ஒரு பெண்ணின் கை. மணிக்கட்டு சற்றுக் கோணி, விரல்கள் பாதி மடங்கி, நடுவில் ரெண்டு இலையும் ஒரு மொட்டும். பின்னால் மங்கலாக ஒரு சிரிப்பு.

தொர நான் பார்ப்பதைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் ஓரளவு வரும். "நம்ம தோட்டம்தான் டீச்சர். பெஸ்ட் கை. எவ்வளவு அழகு, இல்ல?"

"அழகுதான் சேர்" என்றேன்.

அன்றைக்கு மைதானம் கிடைத்த சந்தோஷத்தில் அதற்கு மேல் யோசிக்கவில்லை. கடைசியிலிருந்து எழுத உட்கார்ந்தபோது முதல் வரியே ஒரு கேள்வியாக வந்தது: நாகலெட்சுமி போய் நின்றாள் என்றால், படத்தில் இருக்கிற கை ஏன் கோணலாக இருக்கிறது?

ஒரு வருடமாக நான் நாகலெட்சுமியின் கதையை எழுதிக்கொண்டிருந்தேன். ஜோசப்பினிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கதையில் அவள் உதவி வாங்குகிறவள், அவ்வளவுதான். உதவி வாங்குகிறவளிடம் யார் போய்க் கதை கேட்கிறார்கள்?

7

ஜோசப்பின் அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால் மாவைத் தட்டி, வலது கையின் பின்புறத்தால் திருப்பினாள். நான் கேட்டதும் முதலில் சிரித்தாள்.

"அது நான்தான் டீச்சர். வேற யாரு கை இப்புடி இருக்கும்?"

"தொரைக்கு முன்னால எப்படிக்கா பறிச்சீங்க?"

"எங்க பறிச்சேன்? பறிக்கவே இல்லியே! அதத்தான் சொல்றேன், கேளுங்க. செடிகிட்டப் போயி நின்டேன். இந்தக் கைய இலைக்குள்ள வுட்டேன். படம் புடிக்கிற தம்பி சிங்களப் பொடியன், சின்னப் பொடியன், ஓடியாந்து என் விரலுக்கு நடுவுல அவனே ரெண்டு எலைய கிள்ளிச் சொருகினான். சொருகிட்டு, 'ஹெல்லென்ன எபா அம்மே'ன்னான். அசையாதீங்கம்மாங்கிறான். என் கைகிட்ட!"

ரொட்டி தீய்ந்தது. அவள் கவனிக்கவில்லை, சிரிப்பில் தோள் குலுங்கியது.

"மத்தவளுகள நிக்க வச்சிருந்தா கை நடுங்கியிருக்கும் டீச்சர். ரொம்ப நேரம் புடிச்சான். வெளிச்சம் பத்தலைங்கிறான், திரும்பவும் புடிக்கிறான். எனக்கென்ன, நாள் பூரா புடிச்சாலும் இந்த விரலு அப்புடியேதான் நிக்கும். 'ஹரிம லஸ்ஸனய்'ன்னான். ரொம்ப அழகாம். கொழும்புக்காரங்க கையத் தட்டினாங்க."

"கங்காணி?"

"பக்கத்துலதான் நின்டாரு. தொர அவருகிட்ட, இந்தப் பொம்பள எப்புடி அவ்வளவு கொழுந்து பறிக்குதுன்னு கேட்டாரு. செல்லசாமி கங்காணி என் கையையே பாத்தாரு. எனக்கு உசுரு போயிருச்சு. அப்பறம் சொன்னாரு, 'கைராசிங்க தொர'ன்னு."

(செல்லசாமி கங்காணிக்குத் தெரியுமா, தெரியாதா? பிறகு ஒரு நாள் நானே போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்து, "மழ வரும்போல இருக்கு டீச்சர், கொட கொண்டாந்தீங்களா?" என்றார். இதைவிட நல்ல வசனம் என்னால் எழுத முடியாது, ஆகவே அப்படியே விடுகிறேன்.)

6

"சரிக்கா, நாகலெட்சுமி அக்கா போறதாத்தானே பேச்சு? நீங்க ஏன் போனீங்க?"

ஜோசப்பின் தீய்ந்த ரொட்டியை ஒதுக்கி வைத்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"பேர கூப்புட்டதும் நாகு ஒரு எட்டு வச்சிட்டா. நான் அவ படங்க புடிச்சுப் பின்னால இழுத்தேன்." படங்கு என்பது கொழுந்துக்காரிகள் இடுப்பில் சுற்றுகிற சாக்கு. "இழுத்துட்டு நான் போனேன். ஏன்னா, நல்லா யோசிச்சுப் பாருங்க. அவ போயி மாட்டுனா ரெண்டு பேரு பேரும் போவும். பொய் சொன்னதுக்கு அவ பேரு, கை இல்லாததுக்கு என் பேரு. அவளுக்கு மூணு புள்ளைங்க. நான் போயி மாட்டுனா நான் மட்டுந்தான். எனக்காக இத்தன பேரு கொழுந்து போட்டாங்க டீச்சர். அவங்கள்ல ஒருத்திய நான் எப்புடி முன்னால தள்ளுவேன்? மனசு வருமா?"

"பயமா இல்லியா?"

"பயந்தான். மூத்தரம் வந்திருச்சு. எழுதிறாதீங்க."

எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள் அக்கா. குகநேசன் சேர் கேட்ட துணிச்சல் இதில் இருக்கிறது. இதை எடுத்துவிட்டால் நீயும் வீரமங்கை ஆகிவிடுவாய்.

5

இதுதான் சந்திக்கிற இடம். மேலிருந்து வந்த 'வந்து'வும், கீழிருந்து வந்த கையும்.

எழுதியதைக் கொண்டுபோய் நாகலெட்சுமிக்கு வாசித்தேன். அவள் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். 'படங்க புடிச்சுப் பின்னால இழுத்தேன்' என்ற இடத்தில் மெல்லுவதை நிறுத்தினாள்.

"அப்ப கதையில நான் யாரு? வேடிக்க பாக்குறவளா?"

"இல்லக்கா, ஒழுங்கு பண்ணினது நீங்கதானே, அதெல்லாம் முன்னால இருக்கு—"

"நான் ஏன் ஒனக்கு அதுக்கு மேல சொல்லலைன்னு கேக்க மாட்டியா?"

"ஏன்க்கா?"

நாகலெட்சுமி வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாள். என் வாழ்நாளில் முதல் தடவையாக அவள் குரலைத் தாழ்த்திப் பேசினதைக் கேட்டேன்.

"அவ இழுத்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்திச்சு தெரியுமா? நான் போறேன் போறேன்னு வாய்தான் பேசிச்சு. காலு ரெண்டும் வெலவெலத்துப் போயிருந்திச்சு. அவ இழுத்த ஒடனே, அப்பாடான்னு பின்னால நின்டேன். அவ அங்க தனியா நிக்கிறா, நான் இங்க அப்பாடான்னு நிக்கிறேன். நின்டு அழுதேன். அத எப்புடி ஒன்கிட்ட சொல்றது? நீ என்னைய பெரிய இவளாட்டம் பாக்குற."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்பவும் அப்படித்தான் பார்க்கிறேன் அக்கா, முன்னைவிட அதிகமாகப் பார்க்கிறேன் என்று சொன்னேன். கதாசிரியை வாயிலிருந்து வந்த வசனம் அல்ல, என் வாயிலிருந்து வந்தது. பயந்தும் ஓர் எட்டு வைத்தவள் அவள். அந்த எட்டைப் பார்த்துத்தானே மற்றவளுக்கு இழுக்கத் தோன்றியது?

"சரி சரி, அழாத. அழுதத எழுது" என்றாள். "நான் அழுதத வேற எவ எழுதப் போறா?"

அந்த இரவு 'வந்து' என்ற சொல்லை வெட்டினேன். அந்த இடத்தில் இப்படி எழுதினேன்: "நாகலெட்சுமி ஓர் எட்டு வைத்தாள். பின்னாலிருந்து யாரோ படங்கைப் பிடித்து இழுத்தார்கள்." ஒரு வருடமாக வராத வரி. வந்ததும் நான் சுகந்தனை எழுப்பி வாசித்துக் காட்டினேன். "நல்லாருக்கு, படு" என்றார்.

முடிவுக்குப் பதிலாக

இனி முடிவு. கடைசியிலிருந்துதானே எழுதினாய், முடிவு முன்னமே வந்துவிட்டதே என்பீர்கள். அது 1997இன் முடிவு. ஜோசப்பின் இன்னும் பறிக்கப் போகிறாள்.

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் கை குணமாகிறது. ஒன்றில் தொர உண்மை தெரிந்து மனம் உருகுகிறார். (நானும் மனுஷிதானே, ஆசை இருக்காதா?) மற்றதில் அவள் பெயரை வெட்டிவிடுகிறார்கள், மகளும் அவளும் சாமான்களைக் கட்டிக்கொண்டு— அதை முழுதாக எழுத எனக்கே தைரியம் வரவில்லை. குகநேசன் சேர், "அதுதான் பிள்ளை யதார்த்தம்" என்றார். மூன்றையும் எடுத்துக்கொண்டு ஜோசப்பினிடம் போனேன். அவள் சம்மதம் இல்லாமல் இதை அச்சுக்குக் கொடுக்க முடியாது.

"கதை வரட்டும்" என்றாள். "தொர தமிழ் பேசுவாரு, படிக்க மாட்டாரு. கங்காணி எதையுமே படிக்க மாட்டாரு. பேர மட்டும் போடாதீங்க. ஆனா முடிவும் எழுதாதீங்க."

"ஏன்க்கா?"

"கிலோவ கூட்டிட்டாங்க, தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது. இந்த மாதத்திலிருந்து கூட்டிவிட்டார்களாம். எல்லாருக்கும். ரெண்டு கைக்காரிகளே மூச்சுப் பிடித்துப் பறித்தும் சில நாள் அரைப்பேரோடு வருகிறார்கள். நாகலெட்சுமியும் ஒரு நாள் அரைப்பேர் வாங்கினாளாம். வாய் திறக்கவில்லையாம்.

"அப்ப ஒங்களுக்கு?"

"இன்னைக்குப் போட்டாங்க. நாளைக்கு யாருக்குத் தெரியும்? 'போடாதீங்கடி, ஒங்க வயித்தப் பாருங்க'ன்னு நான் சொல்லிட்டேன். கேக்குறாளுகளா?" கொஞ்ச நேரம் மகள் படித்துக்கொண்டிருந்த பக்கம் பார்த்தாள். "எனக்கே தெரியாத முடிவ நீங்க எப்புடி எழுதுவீங்க? தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா எழுதட்டும்."

எனக்குத் தெரியாது. ஆகவே எழுதவில்லை. நீங்கள்தான் எழுத வேண்டும், அதற்குப் பேனை வேண்டாம்.

பின்னேரம். நிறுவைக்குச் சங்கு ஊதிவிட்டது. ஒற்றையடிப் பாதையில் வரிசையாக இறங்குகிறார்கள். ஜோசப்பின் முன்னால் போகிறாள். அவளுக்குப் பின்னால் வருவது நீங்கள். முதுகில் உங்கள் கூடை, அதில் இன்றைக்கு உங்கள் கிலோவே நிறையவில்லை என்று தோள்பட்டைக்குத் தெரிகிறது. வீட்டில் உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எட்டினால் தொடுகிற தூரத்தில் அவள் கூடை பாதி வெறுமையாக ஆடிக்கொண்டு போகிறது. அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள், கேட்கவும் மாட்டாள்.

செல்லசாமி கங்காணி அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார். பாதை இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.